மாஸ்க்கை வரையவேண்டாம், படத்துக்குள்ளேயே இருக்கிறது

கேள்வி: கிரேஸ்கேல் படம் ஒன்றை லேயர் மாஸ்க்காக வைக்கலாமா? தூரிகையால் வரைவதைவிட அதில் என்ன நன்மை?

தாராளமாக வைக்கலாம். மட்டக்களப்பில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண அல்பம் செய்கிறேன். இது எனக்கு அன்றாட வேலை.

லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு. அதில் எந்த இடம் தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று சொல்வது மாஸ்க். அந்த மாஸ்க்கே ஒரு கிரேஸ்கேல் படம்தான், அதாவது கறுப்பு, வெள்ளை, இடைப்பட்ட சாம்பல் மட்டும் உள்ள படம். 8 பிட் படத்தில் 0 முதல் 255 வரை அளவுகள். 255, அதாவது வெள்ளை விழுந்த இடத்தில் லேயர் முழுதாகத் தெரியும். 0 என்றால் கறுப்பு, அங்கே மறைந்துவிடும். 128 அளவு சாம்பலில் மேல் லேயரும் கீழ் லேயரும் பாதிக்குப் பாதி. அந்தச் சாம்பலைக் கையால் வரைவதுதான் கஷ்டம்.

கல்லடிக் கடற்கரையில் தென்னைக்குக் கீழே எடுத்த மாப்பிள்ளை பொம்பிளை படம் ஒன்று வந்தது. வானம் வெளிறிப்போயிருந்தது, நீலமாக்கித் தரச் சொன்னார்கள். முதலில் ஓலைகளைச் சுற்றி அழித்துப் பார்த்தேன். இரண்டு மணித்தியாலம் போனதுதான் மிச்சம். ஈர்க்குக்கு ஈர்க்கு வெள்ளைக் கோடு. பிறகு சேனல்களைத் திறந்தேன். படத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் தனித்தனிக் கிரேஸ்கேல் படங்களாகக் காட்டுபவை அவை. நீலச் சேனலில் வானம் கிட்டத்தட்ட வெள்ளை, ஓலை கறுப்பு. நான் வரையப் பாடுபட்ட மாஸ்க் அங்கேயே கிடந்தது!

அந்தச் சேனலை நகலெடுத்து, கறுப்பு வெள்ளை அளவை மாற்றும் லெவல்ஸ் கருவியில் கறுப்பு, வெள்ளை முனை இரண்டையும் கொஞ்சம் உள்ளே இழுங்கள். ஓலை நுனியில் சாம்பல் மிஞ்சும்போதே நிறுத்திவிட வேண்டும். மீறினால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போலாகிவிடும். மாப்பிள்ளையின் வேட்டி சட்டையும் வெள்ளை என்பதால் அதிலும் நீலம் ஏறும். அந்த இடத்தைக் கறுப்புத் தூரிகையால் மூடுங்கள்.

போட்டோஷொப்பில் பலர் தடுமாறுவது ஒட்டும் இடத்தில். சேனலை முழுதாகத் தெரிவுசெய்து கொப்பி பண்ணி, படத்துக்கு மேலே வைத்த நீல வான லேயருக்கு மாஸ்க் சேர்த்து, ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்க்கின் சிறுபடத்தைக் கிளிக் செய்யுங்கள். திரை முழுக்க மாஸ்க் தெரிந்த பிறகே ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் அது புது லேயராகிவிடும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் மாஸ்க் சேர்க்கும்போதே லேயரின் கிரேஸ்கேல் நகலை எடுக்கும் தெரிவு இருக்கிறது.

இதே முறையில் அம்மப்பாவின் பழைய கடிதம் ஒன்றிலிருந்து அவருடைய கையெழுத்தை எடுத்தேன். ஸ்கேன் செய்து, லெவல்ஸில் தாளின் மஞ்சளை வெள்ளையாக்கி, தலைகீழ் நிறமாக மாற்றி, கடும் நீல லேயரின் மாஸ்க்கில் ஒட்டினேன். பேனை அழுந்திய இடம் அழுத்தமாக, 'ழ'வின் சுழி முடிந்து பேனை தூக்கிய இடம் மெல்லியதாக, அப்படியே வந்தது. அதை அவருடைய படத்தின் கீழ் வைத்து அம்மாவுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தேன்.

இப்படிப் பிரித்தெடுத்ததைத் தனியாகச் சேமிப்பதென்றால் பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மை தங்காது.