ஒரு மில்லிமீட்டர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் இரண்டு வருடக் கண் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர்கள், 'டாக்டருக்கு எடுபிடி வேலைதானே, நர்சிங் சேர்த்துவிடு' என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சம்பளம், கல்யாணம் என்று ஆயிரம் கவலை. சேர்க்கலாமா?

வாசகர், உசிலம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

சம்பளத்தை மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். கல்யாணத்துக்கு இப்போது என்ன அவசரம்? எடுபிடி என்று எழுதிவிட்டீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

சமீபத்தில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். டாக்டர் அம்மாவைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். அன்று காலை முழுக்க அம்மா இருந்தது இப்படிப் பயிற்சி முடித்த பெண்பிள்ளைகள் கையில். ஒருத்தி எழுத்துப் படிக்கச் சொன்னாள், ஒருத்தி கண் அழுத்தம் பார்த்தாள். கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேன் எடுத்தவளுக்கு இருபது வயதிருந்தால் அதிகம். மரத்துப்போகச் சொட்டு விட்டு, பேனா மாதிரியான முனையைக் கருவிழியில் பட்டும் படாமலும் வைத்தாள். "பாட்டி, அந்தச் சிவப்பு வெளிச்சத்தையே பாருங்க." திரையில் அலை வந்தது. அழித்துவிட்டாள். "அமுங்கிடுச்சு." மறுபடி, மறுபடி. எனக்குப் பொறுமை போய்விட்டது; அவளுக்குப் போகவில்லை.

கண்ணின் நீளம் சராசரியாக 23, 24 மில்லிமீட்டர். இந்த நீளத்தையும் கருவிழியின் வளைவையும் வைத்துத்தான் உள்ளே பொருத்தும் லென்ஸின் பவரைக் கணக்கிடுகிறார்கள். முனை அமுங்கினால் கண் குட்டையாகத் தெரியும், லென்ஸ் பவர் கூடிப்போகும். 1 மில்லிமீட்டர் பிசகினால் கண்ணாடி பவரில் ஏறக்குறைய இரண்டரை வித்தியாசம். ஆபரேஷன் எவ்வளவு சுத்தமாக நடந்தாலும் தூரப்பார்வை மங்கல்தான். எப்பேர்ப்பட்ட சர்ஜனும் அந்தப் பெண் எழுதிக்கொடுத்த எண்ணை நம்பித்தான் லென்ஸைக் கையில் எடுக்கிறார். இதுவா ஐயா எடுபிடி?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, 1976-ல், முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சர்ஜன் ஒரு மேஜையில் முடித்த கையோடு அடுத்த மேஜைக்குத் திரும்புகிறார் என்று உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அந்த அடுத்த மேஜையை யார் தயார் செய்கிறார்கள்? உங்கள் மகளைப் போல கிராமத்திலிருந்து வந்து பழகிய பெண்கள்தான். நம் ஆட்களுக்கு டாக்டர் கோட்டு மட்டும்தான் கண்ணில் படும்.

நர்சிங்கை நான் குறை சொல்லவில்லை. இந்தச் சான்றிதழ் வெளி மருத்துவமனைகளில் செல்லுமா என்பதை மட்டும் சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கடிதத்தில் சொந்தக்காரர்கள் சொன்னது இருக்கிறது, உங்களுக்குப் படுவதும் இருக்கிறது. பிள்ளை என்ன சொல்கிறாள்? அதைக் கேட்டு எழுதுங்கள்.