இலைக்குப் பின்னால் ஒரு விளக்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: டேப்லெட் திரையை வெள்ளையாக்கி, அதன்மேல் செம்பருத்தி இலையை வைத்து மொபைலில் படமெடுக்கிறேன். நரம்புகள் தெரிகின்றன. ஆனால் கூடவே பொடிப்பொடியாகக் கட்டங்கள் விழுகின்றன, இலையும் கறுத்துப்போகிறது. எங்கே தவறு?

பதில்: இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். கட்டங்கள் திரையின் பிக்சல்கள். இலை திரையோடு ஒட்டிக் கிடப்பதால், இலை ஃபோகஸில் இருந்தால் திரையும் ஃபோகஸில் இருக்கும். இலையைத் தூக்கிவிடுங்கள். ஒரே உயரமுள்ள நான்கு டம்ளர்களைத் திரையைச் சுற்றி நிறுத்தி, போட்டோ ஃபிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடியை மேலே வையுங்கள். 8 முதல் 10 செ.மீ. இடைவெளி போதும். கண்ணாடியின் அடிப்பக்கம் ஒரு ட்ரேசிங் பேப்பரை ஒட்டினால் பிக்சல் போன இடம் தெரியாது.

இலை கறுப்பதற்குக் காரணம், கேமரா ஏமாறுவது. சுற்றிலும் பளிச்சென்று வெள்ளை இருப்பதால் மொத்த வெளிச்சத்தையும் அது குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷரை +1 முதல் +2 வரை ஏற்றிப் பார்க்கலாம். அதைவிட நல்ல வழி உண்டு. கறுப்பு அட்டையில் இலையைவிடச் சற்றுச் சிறிய துளை வெட்டி, கண்ணாடிமேல் போட்டு, துளையை மூடும்படி இலையை வையுங்கள். ஓரத்து வெள்ளை லென்ஸுக்குள் சிதறி நரம்புகளை வெளிறச் செய்வதும் அதோடு நிற்கும். இலையின் வெளிவடிவம் போய்விடுமே என்றால், போகட்டும். நீங்கள் எடுப்பது நரம்பைத்தானே.

இலையின் அடிப்பக்கம் கேமராவைப் பார்க்கட்டும், நரம்பு புடைத்திருப்பது அங்கேதான். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். திரையின் பிரைட்னஸ் முழுமையாக இருக்கட்டும். மங்கலாக்கினால் பல திரைகள் வேகமாக அணைந்து அணைந்து எரியும், படத்தில் பட்டை விழும். தடித்த இலைகளில் இந்த வித்தை எடுபடாது. அதே செடியின் இளந்தளிரை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சூரியகாந்திப் பூவின் நடுவிலுள்ள சுருள்கள் நேரில் அவ்வளவு அழகு. படத்தில் தட்டையாக, வெறும் புள்ளிக் கூட்டமாக வருகின்றன. மொபைல் பிளாஷ்தான் பயன்படுத்துகிறேன்.

பதில்: பிளாஷ்தான் குற்றவாளி. லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து வரும் ஒளி எல்லா நிழலையும் விழுங்கிவிடும். மேடுபள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டுவதே நிழல்தான். பிளாஷை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பூவின் ஒரு பக்கத்தில், கிட்டத்தட்ட 30 பாகைச் சாய்வில் பிடியுங்கள். ஒவ்வொரு விதையின் ஒரு பக்கம் மட்டும் இருளும். அந்த இருட்டுக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுருளாக ஓடும். ஒரு திசையில் 34, எதிர்த்திசையில் 55 என்று பல பூக்களில் எண்ணிவிடலாம். கோஸ் இலை போல மேடு குறைந்தவற்றுக்கு 10, 15 பாகைக்கு இறக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது தூரத்தில். 10 செ.மீ. அகலப் பூவுக்கு டார்ச்சை 10 செ.மீ. தள்ளிப் பிடித்தால், மறுகோடிக்கு அது 20 செ.மீ. தூரம். அங்கே விழுவது கால் பங்கு ஒளிதான். ஒரு ஓரம் வெந்து, மறு ஓரம் இருண்டுவிடும். 50 செ.மீ. தள்ளிவைத்தால் மறுகோடிக்கும் சுமார் 70 சதவீதம் கிடைக்கும். நிழல் ரொம்பக் கறுத்தால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்துங்கள்.

மேலிருந்து நேராக எடுக்கும்போது கேமரா சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: பூ இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை மல்லாக்க வையுங்கள். லென்ஸின் பிம்பம் ஃபிரேமின் நட்டநடுவில் தெரிந்தால் நேராக இருக்கிறது.

கேள்வி: எல்இடி பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் குறுக்கே கருங்கோடுகள் வருகின்றன.

பதில்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான பல்புகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். ஷட்டரை 1/50 அல்லது 1/25 நொடியில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/30. கேமராவில் சத்தமில்லாத ஷட்டர் இயங்கினால் அதை நிறுத்துங்கள்.

கேள்வி: மினுமினுப்பான இலைகளில் வெள்ளைத் திட்டுகள் விழுந்து கோலமே மறைகிறது. போலரைசர் ஃபில்ட்டர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) வாங்கியும் பாதிதான் போகிறது.

பதில்: லென்ஸில் ஒன்று மட்டும் போதாது. விளக்கின் முன்னாலும் போலரைசர் ஃபிலிம் வேண்டும். ஃபிலிமைப் பொருத்திய பிறகு, லென்ஸ் ஃபில்ட்டரை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் திட்டுகள் சட்டென்று அணைந்து, இலையின் உள்நிறம் எழும். ஒளியை மென்மையாக்க ட்ரேசிங் பேப்பர் போடுவதானால் அது விளக்குக்கும் ஃபிலிமுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். ஃபிலிமுக்கு முன்னால் வந்தால் போலரைசேஷன் கலைந்துவிடும், பலன் சுழியம். சூடாகும் பல்பில் ஃபிலிமை ஒட்டாதீர்கள், சுருண்டுவிடும். ஷட்டர் நேரம் நான்கு மடங்குக்கும் மேல் கூடும், ஆகவே டிரைபாட் கட்டாயம்.

இதில் ஒரு சுவையான விஷயம்: எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே போலரைஸ் ஆனது. முதல் கேள்வியின் டேப்லெட் எல்சிடி என்றால், ட்ரேசிங் பேப்பரை எடுத்துவிட்டு லென்ஸ் ஃபில்ட்டரைத் திருப்பிப் பாருங்கள். பின்னணி கருமையாகும். ஒளியைச் சிதறடிக்கும் இலை மட்டும் எரியும். கறுப்பு அட்டையே வேண்டாம்.

கேள்வி: புற ஊதா டார்ச்சில் இலைகள் சிவப்பாக ஒளிரும் என்கிறார்கள். என் படத்தில் எல்லாம் ஊதாவாகவே இருக்கிறது.

பதில்: உங்கள் டார்ச் 395 நானோமீட்டராக இருக்கலாம். அதில் கண்ணுக்குத் தெரியும் ஊதாவே நிறைய வழியும். 365 நானோமீட்டர் டார்ச், ஊதாவை வடிகட்டும் கறுப்புக் கண்ணாடி பொருத்தியதாகப் பாருங்கள். சிவப்பு வருவது பச்சையத்திலிருந்து. உயிருள்ள இலை உறிஞ்சும் ஒளியில் ஓரிரு சதவீதமே அப்படித் திரும்புகிறது. எனவே முழு இருட்டு, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400, 10 முதல் 30 நொடி ஷட்டர் நேரம் தேவை. ஒயிட் பேலன்ஸைப் பகல் ஒளிக்கு நிறுத்துங்கள், ஆட்டோவில் விட்டால் சிவப்பைக் கெடுத்துவிடும். ஷட்டர் திறந்திருக்கும்போது டார்ச்சை நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். வெள்ளைத் திட்டுள்ள இலைகளில் பச்சைப் பகுதி மட்டும் சிவப்பதால் கோலம் இன்னும் தெளிவாகும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியாமல் இதில் இறங்காதீர்கள்.

கேள்வி: மேக்ரோ (மிக நெருங்கி எடுக்கும்) லென்ஸில் துவாரத்தைச் சுருக்கி எஃப் 22 வைத்தும் படம் மழுங்கலாக இருக்கிறது.

பதில்: எஃப் 22 வைத்ததால்தான். முழு உருவளவில், அதாவது பொருளின் அளவிலேயே அதன் பிம்பம் சென்சாரில் விழும்படி எடுக்கும்போது லென்ஸ் நடைமுறையில் எஃப் 44 போல இயங்கும், ஒளி வளைந்து நுணுக்கம் கரைந்துவிடும். எஃப் 8 வைத்து, ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் 10, 15 படங்கள் எடுத்து மென்பொருளில் அடுக்குங்கள். பறித்த இலை சில நிமிடங்களில் சுருளத் தொடங்கும், அப்புறம் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. காம்பில் ஈரப் பஞ்சைச் சுற்றிவிட்டு, விளக்கு, டிரைபாட் எல்லாம் தயாரான பிறகே பறியுங்கள்.