எழுதிய பேரம், எழுதாத பேரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் என் மகள், ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பேரம் பேசித்தான் நிறைவேறியது என்கிறாள். நோயாளிகளுக்கான சட்டத்துக்குமா பேரம்? – வாசகர், கோத்தகிரி

பதில்: மகள் சொல்வது சரிதான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் எதிர்க்கட்சியின் முட்டுக்கட்டையைத் தாண்ட 60 பேர் வேண்டும், ஒபாமா பக்கம் இருந்தவர்கள் சரியாக 60 பேர். ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் கதை முடிந்தது. நெப்ராஸ்கா செனட்டர் பென் நெல்சன் கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தை விரிவாக்கும் செலவில் மற்ற மாநிலங்கள் பின்னால் ஒரு பங்கு போட வேண்டும், நெப்ராஸ்காவின் பங்கை மட்டும் மத்திய அரசே காலத்துக்கும் கட்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்த பிறகுதான் சம்மதித்தார். 2009 டிசம்பர் 24 அன்று 60க்கு 39 என்று செனட்டில் மசோதா தேறியது.

அசிங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேரம் மசோதாவிலேயே அச்சாகியிருந்தது. அதனால் யார் வேண்டுமானாலும் படித்தார்கள், ஊரே காறித் துப்பியது, நாங்கள் தனிச் சலுகை கேட்கவில்லை என்று நெப்ராஸ்கா ஆளுநரே சொன்னார். 2010 மார்ச்சில் வந்த திருத்தச் சட்டத்தில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். மூன்றே மாதம்.

இன்னொரு பேரம் கதவுக்குப் பின்னால் நடந்தது. பேச்சுவார்த்தையை டி.வி.யில் எல்லோரும் பார்க்கும்படி நடத்துவேன் என்று 2008 பிரசாரத்தில் வாக்குக் கொடுத்தவர் ஒபாமா. 2009இல் அவருடைய ஆட்கள் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்தோடு தனியாக உட்கார்ந்தார்கள். பத்து வருடத்தில் 8,000 கோடி டாலர் செலவைக் குறைத்துத் தருகிறோம் என்றது சங்கம். பதிலுக்கு, முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் அரசு மருந்து விலையைப் பேசிக் குறைக்கும் யோசனையைக் கைவிட்டார்கள். உள்ளே நடந்ததைக் காட்டும் மின்னஞ்சல்கள் 2012இல்தான் அமெரிக்க நாடாளுமன்றக் குழு மூலம் வெளியே வந்தன. விலை பேசும் அதிகாரம் 2022இல்தான் சட்டமானது, அப்படிப் பேசிய முதல் விலைகள் 2026இல்தான் நடைமுறைக்கு வந்தன. எழுதின பேரத்தை மூன்று மாதத்தில் அழிக்க முடிந்தது, எழுதாததை மாற்றப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில் நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஈரத்துக்கு என்று ரெண்டு கிலோ கழிக்கும்போது தராசு முள் நம் பக்கம் தெரிந்தால் சண்டை போடலாம். தராசைத் திருப்பி வைத்துக்கொண்டு சீட்டில் ஒரு எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் எதை வைத்துச் சண்டை போடுவது? கழிவு இருக்கவே கூடாது என்று என் அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, முள்ளைக் காட்டு என்றுதான் கேட்பார்.

கேள்வி: நம் எம்.பி.க்கள் இப்படி ஓட்டுக்குப் பேரம் பேசுவதில்லையே, நாம் பரவாயில்லைதானே? – வாசகர், குன்னூர்

பதில்: பேச வழியில்லை, அவ்வளவுதான். 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கட்சிக் கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். அதனால் பேரம் சபைக்கு வருவதற்கு முன்பே, மசோதா எழுதும் அறையிலேயே முடிந்துவிடுகிறது. மசோதாவை அலசும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனாலாவது நாலு பேர் வந்து சாட்சி சொல்வார்கள், ஆனால் 17வது மக்களவையில் நூற்றுக்குப் பதினாறு மசோதாக்கள்தான் குழுக்களுக்கே போயின.

ராஜஸ்தானைப் பாருங்கள். அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்ற மருத்துவ உரிமைச் சட்டம் 2023 மார்ச் 21 அன்று சட்டசபையில் நிறைவேறியது. தனியார் டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏப்ரல் 4ஆம் தேதி அரசு அவர்களோடு எட்டு அம்ச ஒப்பந்தம் போட்டது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு, அரசிடம் நிலமோ சலுகையோ வாங்காதவற்றுக்கும் விலக்கு. முன்பணம் வாங்காமல் செய்த சிகிச்சையின் பணத்தை யார் திருப்பித் தருவார்கள் என்ற டாக்டர்களின் கவலை நியாயமானது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சபை நிறைவேற்றிய சட்டத்தின் எல்லையை இரண்டு தரப்பு மட்டும் உட்கார்ந்து சுருக்கியது, நோயாளி சார்பில் கையெழுத்துப் போட ஒருவரும் இல்லை.

சில வருடம் முன்பு மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து, ராத்திரி பதினொரு மணிக்கு மலை இறங்கிக் கீழே ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவர் ஸ்ட்ரெச்சரில் சட்டையைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார், கவுண்டரில் இருந்த பையன் அட்வான்ஸ் எவ்வளவு கட்டுறீங்க என்கிறான். ஏ.டி.எம். தேடி ஓடினேன், முதல் மெஷினில் பணம் இல்லை. மாமா பிழைத்துவிட்டார். ஆனாலும் விலக்கு என்ற சொல்லைப் படித்தால் எனக்கு அந்தக் கவுண்டர்தான் ஞாபகம் வருகிறது.

கேள்வி: மலையில் இருக்கும் எங்களால் என்ன செய்ய முடியும்? – வாசகி, கூடலூர்

பதில்: சட்ட வரைவை முப்பது நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசே 2014இல் கொள்கை வகுத்திருக்கிறது, அது வெறும் கொள்கைதான், சட்டம் இல்லை. தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. அதன் 4(1)(சி) பிரிவு, மக்களைப் பாதிக்கும் கொள்கை முடிவு எடுக்கும்போது விவரங்களை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அடுத்து ஏதாவது சுகாதார மசோதா வருகிறது என்று கேள்விப்பட்டால், பத்து ரூபாய் கட்டணத்தோடு அந்தத் துறைக்கு இப்படி எழுதுங்கள்: "இந்த வரைவு குறித்துத் துறை யார் யாருடன், எந்தத் தேதிகளில் பேசியது? அந்தக் கூட்டக் குறிப்புகளின் நகல் வேண்டும்." முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.