பத்து எண்ணுக்கு ஒரு ராத்திரியா?

கேள்வி: ஓரங்கள் இறுக்கிக் கட்டப்பட்ட சதுரச் சவ்வின் அதிர்வை ஆராய்கிறேன். 200-க்கு 200 புள்ளிகள் வைத்ததில் 40,000 வரிசை கொண்ட சமச்சீர் அணி (மேட்ரிக்ஸ்) வந்தது. மிகச் சிறிய பத்து ஐகன் மதிப்புகள் (அதிர்வெண்களைத் தரும் எண்கள்) போதும். பாடப்புத்தக முறையை நானே பைத்தானில் எழுதி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். லேப்டாப் உறைந்துபோனதுதான் மிச்சம். பொருத்தமான மென்பொருளை எப்படித் தேடுவது?
— ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: லேப்டாப்பைத் திட்டாதீர்கள் அம்மா. 40,000-க்கு 40,000 என்றால் 160 கோடிக் கட்டங்கள். கட்டத்துக்கு 8 பைட் என்றால், அணியை வைக்கவே 12.8 ஜி.பி. வேண்டும். ஆனால் உங்கள் அணியில் வரிசைக்கு ஐந்து எண்களுக்கு மேல் பூஜ்யம் அல்லாதது இருக்காது. அந்த இரண்டு லட்சம் எண்களையும் அவை உட்கார்ந்திருக்கும் இடங்களையும் மட்டும் குறித்துவைத்தால் 3 எம்.பி.கூட ஆகாது.

தேட வேண்டிய சொல்லும் இங்கேதான் இருக்கிறது. ‘சவ்வு அதிர்வு மென்பொருள்’ என்று தேடினால் வேண்டாததெல்லாம் வரும். ‘ஸ்பார்ஸ், சிமெட்ரிக், சில ஐகன் மதிப்புகள் மட்டும்’ என்று தேடுங்கள். ஸ்பார்ஸ் என்றால் பெரும்பகுதி பூஜ்யமான அணி, சிமெட்ரிக் என்றால் சமச்சீர். மென்பொருள் எழுதியவருக்குச் சவ்வும் தெரியாது, பாலமும் தெரியாது. அணியின் சுபாவம்தான் தெரியும்.

நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் தேடல் என்பதே மின்னஞ்சல்தான். ஜாக் டொங்காராவும் எரிக் குரோஸும் 1985-ல் தொடங்கிய ‘நெட்லிப்’ என்ற கணித நிரல் களஞ்சியத்துக்கு ‘செண்ட் இண்டெக்ஸ்’ என்று ஒரு வரி எழுதினால், ஆள் தலையீடே இல்லாமல் பட்டியல் வந்து விழும். அதில் பெயர் பார்த்து மறுபடி எழுதினால் மூல நிரலே பதிலாக வரும். ‘டி-எஸ்ஒய்-இவி’ என்ற நிரலின் பெயரைப் பார்த்து முதலில் முழித்தேன். டி என்றால் இரட்டைத் துல்லியம், எஸ்ஒய் என்றால் சமச்சீர், இவி என்றால் ஐகன் மதிப்பு. பழைய ஃபோர்ட்ரான் நிரல் மொழியில் பெயருக்கு ஆறு எழுத்துதான் அனுமதி. அதற்குள் இவ்வளவையும் அடைத்திருக்கிறார்கள்! நெட்லிப் இன்றும் இருக்கிறது. ஆனால் இந்த நிரல் முழு அணிக்கானது, உங்களுக்கு ஆகாது.

உங்களுக்கு ஏற்றது ஆர்பேக், பெரிய ஸ்பார்ஸ் அணிகளில் சில ஐகன் மதிப்புகளை மட்டும் கண்டுபிடிக்கும் நிரல் தொகுப்பு. தனியாகத் தேடி இறக்கவும் வேண்டாம். பைத்தானின் சைபை என்ற அறிவியல் நிரல் நூலகத்தில் ‘ஐக்-எஸ்-ஹெச்’ என்று கூப்பிட்டால் வேலை செய்வது அதுதான். ஒரு பள்ளம் மட்டும் உண்டு: ‘எஸ்எம்’ (மிகச் சிறியவை) என்று சொல்லிச் சின்ன மதிப்புகளைக் கேட்டால் ஊர்ந்து ஊர்ந்து போகும். அதற்குப் பதில், எந்த எண்ணுக்குப் பக்கத்தில் தேடுவது என்று சொல்லும் ‘சிக்மா’வுக்கு 0 கொடுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பவற்றை நேரே போய்ப் பிடிக்கும்.

வந்த விடையை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடாதீர்கள். பக்கம் 1 உள்ள சதுரத்துக்கு முதல் மதிப்பு 19.74-ஐ ஒட்டி வர வேண்டும், அடுத்த 49.35 இரண்டு தடவை வர வேண்டும். ஒரே தடவை வந்தால் எங்கோ தப்பு. புள்ளி இடைவெளியின் வர்க்கத்தால் வகுக்க மறந்துவிட்டு நான் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: இதழ்களில் மூல நிரலோடு வெளியாகும் கணித நிரல்களை எடுத்து, நாங்கள் விற்கப்போகும் மென்பொருளில் சேர்க்கலாமா?
— வாசகர், கோவை

பதில்: கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கைக்குச் சொந்தமில்லை. மேலே சொன்ன ‘டி-எஸ்ஒய்-இவி’ அடங்கிய லாபேக் தொகுப்பு, தாராளமான பிஎஸ்டி உரிமத்தில் வருகிறது. பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் விற்பனைப் பொருளிலும் சேர்க்கலாம். ஆனால் ஏசிஎம் என்ற கணினியியலாளர் சங்கத்தின் கணித மென்பொருள் இதழில் 1975 முதல் வந்த நிரல்களில் பல, வணிகம் அல்லாத உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். உரிமக் கோப்பே இல்லாத நிரலா? எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதில் வரும்வரை தொடாதீர்கள்.