மூன்று ஆண்டு கட்டியும் அசல் குறையவில்லையே!

கேள்வி: மதுரை விளாச்சேரியில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வீடு வாங்கினோம். வங்கிக் கடன் 25 லட்சம் ரூபாய். மாறுபடும் வட்டி, இப்போது 8.5 சதவீதம். 20 ஆண்டுத் தவணையில் மாதம் 21,696 ரூபாய் கட்டுகிறோம். கணவர் கப்பலூரில் தனியார் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார், சம்பளம் 41,000. நான் பழங்காநத்தத்தில் தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 17,000. கணவருக்கு 44 வயது, 58-ல் ஓய்வு. கடன் முடியும்போது அவருக்கு 61 வயதாகிவிடும் என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை. அடுத்த ஆண்டு முதிரும் அஞ்சலக ஆர்.டி. (மாதம் 1,500 ரூபாய்), என்னுடைய ஆறு பவுன் நகை, மகளின் செல்வமகள் கணக்கில் கட்டிவரும் பணம் ஆகிய எல்லாவற்றையும் கடனுக்கே திருப்பிவிடலாமா? முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா? வரிச் சலுகை போய்விடும் என்று கொழுந்தனார் பயமுறுத்துகிறார். எங்கள் ஆவணி மாதச் செலவுக் கணக்கின் நகலை இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, விளாச்சேரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதைவிட அதிக நேரம் அந்த ஆவணி மாதக் கணக்குப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால், பஸ், மருந்து என்று ஒன்று விடாமல் நாள்வாரியாக எழுதும் பழக்கம் உங்களுக்கு இருப்பதால், பெரும்பாலான வீடுகளில் முதல் ஆறு மாதம் பிடிக்கும் வேலை உங்கள் வீட்டில் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

முதலில் கடனின் நிலையைப் பார்ப்போம். வட்டி மூன்று ஆண்டும் 8.5 சதவீதமாகவே இருந்ததாக வைத்துக் கணக்கிட்டேன். முதல் மாதம் நீங்கள் கட்டிய 21,696 ரூபாயில் 17,708 ரூபாய் வட்டிக்கே போயிற்று; அசலில் கழிந்தது 3,988 ரூபாய். 36 தவணைகளில் 7,81,056 ரூபாய் கட்டிய பிறகும் அசல் சுமார் 1,63,000 ரூபாய்தான் குறைந்திருக்கிறது. இன்னும் ஏறத்தாழ 23,37,000 ரூபாய் நிற்கிறது. இதில் வங்கி உங்களை ஏமாற்றிவிடவில்லை. நிற்கும் அசலுக்கு மாதாமாதம் வட்டி கணக்கிட்டு, அதை எடுத்துக்கொண்ட பிறகே மீதியை அசலில் கழிப்பது வீட்டுக் கடன்களுக்குப் பொதுவாக உள்ள முறை. ஆனால் இதே முறைதான் உங்களுக்குக் கைகொடுக்கவும் போகிறது. தவணைக்கு மேல் கட்டும் பணம் முழுவதும் அசலில் போய்ச் சேர்வதால், இந்த ஆண்டு கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மீதமுள்ள 17 ஆண்டுகளின் வட்டி நின்றுவிடும். அதே ரூபாயைப் பத்து ஆண்டு கழித்துக் கட்டினால் இந்த வலு அதற்கு இருக்காது.

மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் என்ன ஆகும்? மீதமுள்ள 204 தவணைகள் சுமார் 158 ஆகச் சுருங்கும். வட்டியில் ஏறக்குறைய 5,43,000 ரூபாய் மிச்சமாகும். அதாவது 13 ஆண்டுகளில், உங்கள் கணவருக்கு 57 வயது நடக்கும்போதே கடன் முடிந்துவிடும். நகையை விற்காமல், செல்வமகள் கணக்கை நிறுத்தாமல், நீங்கள் கேட்டது இதிலேயே நடந்துவிடுகிறது.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது அந்த மூவாயிரத்தைத்தான். அதையும் மாதச் செலவுக்குள்ளேயே தேட வேண்டும். அசலைக் குறைக்கும் பணம் கையிருப்பிலிருந்து எடுக்கப்படக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வீட்டுக் கடனில் கட்டிய தொகையை, அவசரம் என்று போய் நின்றால் வங்கி திருப்பித் தராது. உங்கள் சேமிப்புக் கணக்கில் 40,000 ரூபாய் இருப்பதாகக் கணக்குப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தனியார் வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, தவணையையும் சேர்த்து நான்கு மாதச் செலவாவது, உங்கள் கணக்குப்படி சுமார் இரண்டு லட்சம் ரூபாய், எளிதில் எடுக்கும்படி இருக்க வேண்டும். தவணையை இரண்டு மாதம் கட்டத் தவறிய வீட்டில் முன்பு கட்டிய கூடுதல் பணம் எந்த ஆறுதலும் தராது. அப்படித் தவித்த குடும்பங்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் கணக்குப் பக்கங்களுக்கு வருகிறேன். ஆவணியில் ஒன்பது இரவுகளுக்குக் கைபேசிச் செயலி மூலம் சாப்பாடு வரவழைத்திருக்கிறீர்கள். மொத்தம் 4,150 ரூபாய். அந்த ஒன்பது தேதிகளில் ஆறு, 'பேப்பர் திருத்தல்' என்று நீங்களே அருகில் குறித்துவைத்த நாட்கள். அவை நாக்குக்காகச் செய்த செலவு அல்ல, அலுப்பினால் செய்த செலவு என்பது எனக்குப் புரிகிறது. அதனால் 'சிக்கனமாக இருங்கள்' என்று சொல்லி ஒதுங்கிவிட எனக்கு மனமில்லை. வீட்டில் மாவு இருக்கும்படி பார்த்துக்கொண்டு, விடைத்தாள் திருத்தும் நாட்களில் இரவுச் சமையலை உங்கள் கணவர் ஏற்றுக்கொண்டால், ஒன்பதில் ஐந்து தடவையாவது தவிர்க்கலாம். வீட்டில் சமைக்கும் செலவைக் கழித்தாலும் 1,600 ரூபாய் தேறும். கடன் இருவருடையது, அதற்காகப் படும் பாட்டையும் இருவரும்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஷேர் ஆட்டோவுக்கு 1,420 ரூபாய் ஆகியிருக்கிறது. காலையில் பள்ளி மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டிய அவசரம் இருக்கும், அதை விட்டுவிடுவோம். மாலையில் அந்த அவசரம் இல்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. திரும்பி வருவதை மட்டும் பேருந்துக்கு மாற்றினால் 700 ரூபாய் மிச்சம். காய்கறியைத் தள்ளுவண்டியில் அன்றன்று அரைக்கிலோ, கால்கிலோ என்று வாங்கியிருக்கிறீர்கள். தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999-ல் திறக்கப்பட்டது நம் மதுரை அண்ணா நகரில்தான். உங்கள் பள்ளி இருக்கும் பழங்காநத்தத்திலும் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் பலகையில் எழுதியிருக்கும் அன்றைய விலையைப் பார்த்து ஒரு வாரத்துக்கு வாங்கினால், மாதம் 500 ரூபாய் குறையும். யாரும் பார்க்காத ஓடிடி சந்தா ஒன்று 299 ரூபாய். இந்த நான்கையும் கூட்டினால் 3,099 வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைச் செலவிலும் பிள்ளைகளின் பால், பழத்திலும் நான் கை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சாப்பாட்டைக் குறைத்துப் போட்ட பட்ஜெட் மூன்றாவது மாதத்தில் உடைந்துவிடும்.

ஆனால் உங்கள் கணக்கில் உண்மையிலேயே ஆபத்தான பதிவு வேறொன்று: 'செய்முறை - 6,500', அதாவது விசேஷ வீடுகளுக்குச் செய்த மொய். மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து. ஆடியில் இந்தச் செலவே இருந்திருக்காது. ஆவணியில் மொத்தமாக வந்து விழுந்திருக்கிறது, தையிலும் அப்படித்தான் விழும். செய்முறையைக் குறையுங்கள் என்று நம் ஊர்க்காரர் ஒருவருக்கு நான் சொல்ல மாட்டேன். அவர்கள் நம் வீட்டு விசேஷத்துக்குச் செய்ததைத் திருப்பிச் செய்கிறோம். அதுவும் ஒரு கடன்தான், கௌரவமான கடன். செய்ய வேண்டியது, அதை மாதங்களுக்குப் பங்கிடுவது. மொய் நோட்டை எடுத்து, அடுத்த ஓராண்டில் யார் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும் என்று உத்தேசமாகக் கூட்டுங்கள். 36,000 வருகிறது என்றால், மாதம் 3,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதத்திலும் போடுங்கள். முன்கூட்டிக் கட்டத் தொடங்கிய குடும்பங்கள் நான்காம் ஐந்தாம் மாதத்தில் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மிச்சப்படும் பணம் மாதக் கடைசியில் கணக்கில் கிடக்கும், அப்போது எடுத்துக் கட்டலாம் என்று இருக்காதீர்கள். சம்பளம் வரவான மறுநாளே 3,000 ரூபாய் கடன் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பணம் எப்படி வரவு வைக்கப்படுகிறது என்பதில் மிகவும் கவனம் தேவை. நான் வீட்டுக் கடன் வைத்திருந்த காலத்தில், போனஸ் வந்ததும் பத்தாயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு மனநிறைவோடு திரும்பினேன். அடுத்த ஆண்டுக் கணக்கறிக்கையைப் பார்த்தால், அது பின்னால் வரும் தவணைகளுக்கான முன்பணமாக வைக்கப்பட்டிருந்தது. அசல் பத்தியில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் குறையவில்லை. கேட்டபோது, "நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லையே" என்றார்கள். நீங்கள் எழுதிக் கொடுங்கள்: "கூடுதலாகச் செலுத்தும் தொகையை அசலில் வரவு வைத்து, மாதத் தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைத்து, திருத்திய தவணை அட்டவணையைத் தரவும்." நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். காலத்தைக் குறைக்காமல் தவணைத் தொகையைக் குறைத்துவிட்டால், மிச்சப்படும் சில நூறு ரூபாய் வீட்டுச் செலவில் கரைந்துபோகும். கணவரின் ஓய்வுக்கு முன் கடன் முடியாது.

அபராதம் கிடையாது. தனிநபர் வாங்கிய மாறுபடும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டுவிட்டது. 2023 ஆகஸ்ட் மாத உத்தரவின்படி, ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் இதுவரை வசூலான அசல், வட்டி, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டும் அறிக்கை உங்களுக்குக் கிடைக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, அசல் பத்தியை மட்டும் பென்சிலால் சரிபாருங்கள். அப்படியே, இன்று புதிதாகக் கடன் வாங்குபவருக்கு என்ன வட்டி என்றும் விசாரியுங்கள். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் 6.50-லிருந்து 5.50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பலன் உங்கள் கடனுக்கு வந்திருக்கிறதா என்று கிளையில் எழுத்துபூர்வமாகக் கேட்கலாம். வட்டி குறைந்தாலும் பழைய தவணையையே தொடர்ந்து கட்டுங்கள்.

கொழுந்தனார் சொல்லும் வரிச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் கணவரின் ஆண்டுச் சம்பளம் ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால், வருமான வரியின் பழைய முறையிலும் புதிய முறையிலும் அவருக்கு வரியே வராது. இல்லாத வரியை மிச்சம் பிடிப்பதற்காக வட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அஞ்சலக ஆர்.டி.யை இப்போது உடைத்தால் சேமிப்புக் கணக்குக்கு உரிய வட்டிதான் கிடைக்கும். அது முதிரட்டும், ஒரு லட்சத்துச் சொச்சம் கைக்கு வரும். அந்த ஒரு லட்சத்தைக் கடனில் போடத்தான் உங்கள் மனம் துடிக்கும் என்று தெரியும். இன்றைய நிலையில் ஒரே தடவை ஒரு லட்சம் கட்டினால் 18 தவணைகள் குறையும் என்ற கணக்கு யாரையும் இழுக்கக் கூடியதுதான். இருந்தாலும் அந்தப் பணம் உங்கள் அவசர நிதிக்குப் போக வேண்டும். அதை நிரந்தர வைப்பில் போடுங்கள். செல்வமகள் கணக்குக்கு 8.2 சதவீதம் வட்டி, அதற்கு வரியும் கிடையாது. கடன் வட்டிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் சொற்பம். மகளின் படிப்புக்கான பணத்தைத் தொடாதீர்கள். நகையை விற்றால் வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் போனதுதான். அது லாக்கரிலேயே இருக்கட்டும்; ஆஸ்பத்திரி அவசரம் என்றால் அடகு வைக்க உதவும். நகைக்கடன் வாங்கி வீட்டுக் கடனில் கட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தீபாவளி போனஸில் பாதியை விளக்குத்தூண் ஜவுளிக்கும் பலகாரத்துக்கும் தாராளமாகச் செலவழியுங்கள். மறுபாதி அசலுக்குப் போகட்டும். சம்பள உயர்வு வரும் ஆண்டுகளில் கூடுதல் தொகையையும் உயர்த்துங்கள். தவணையை ஆண்டுதோறும் 5 சதவீதம் உயர்த்திக்கொண்டே போனால், இந்த மூவாயிரம் இல்லாமலேயே உங்கள் கடன் 11 ஆண்டு 3 மாதத்தில் முடிந்துவிடும். முதல் உயர்வு வெறும் 1,085 ரூபாய்தான். உங்களால் எது முடிகிறது என்பதை இரண்டாவது ஆண்டில் முடிவு செய்துகொள்ளலாம்.

முதல் இரண்டு காலாண்டு அறிக்கைகள் கைக்கு வந்ததும், அவற்றின் நகலையும் தை மாதக் கணக்குப் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். செய்முறைக்கு ஒதுக்கிய பணம் போதுமானதாக இருந்ததா, மூவாயிரம் எந்த மாதத்திலாவது தடுமாறியதா என்று சேர்ந்து பார்ப்போம்.