வீட்டு வாசலிலேயே நிறைய படம் இருக்கிறது: படம் எடுப்பவர்களுக்கு ஒரு கேள்வி பதில்

தஞ்சாவூரில் வங்கி வேலை பார்த்துக்கொண்டே வருடக்கணக்காகப் படம் எடுத்து வருகிறேன். காசுக்கு எடுத்ததில்லை, போட்டிக்கும் அனுப்புவதில்லை. இங்கே வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: "நான் எடுப்பதெல்லாம் ஒரு படமா?" ஆமாம், அதுவும் படம்தான். ஏன் என்பதை ஒவ்வொரு கேள்வியிலும் என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, என்னிடம் இருப்பது விலை குறைந்த போன். கேமரா வாங்காமல் இதிலேயே உருப்படியாகக் கற்றுக்கொள்ள முடியுமா? (கல்லூரி மாணவர், மதுரை)

தாராளமாக முடியும் தம்பி. தூரத்துப் பறவை, இருட்டில் ஓடும் பிள்ளை, கால்பந்து மைதானம், இவற்றுக்குத்தான் போன் திணறும். அதுதான் ஆசை என்றால் மெல்லக் காசு சேருங்கள். மற்றதற்கெல்லாம் கையில் இருப்பது போதும்.

எடுக்கும் முன்னால் லென்ஸைப் பனியனில் ஒரு துடை துடையுங்கள். விளக்கைச் சுற்றி ஒளி கலங்கித் தெரிவதற்குப் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் காரணம். அப்புறம், போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய்விடும். இரண்டு எட்டு பின்னால் வந்து, ஜூமை 2x வைத்து எடுத்துப் பாருங்கள். உங்கள் நண்பன் முதல் முறையாகத் தன் முகத்தைப் படத்தில் ஒத்துக்கொள்வான்.

நான் எங்கும் ஊர் சுற்றுவதில்லை. அதே அடுப்படி, அதே வாசல், அதே தெரு. இதில் எடுக்க என்ன இருக்கிறது? (இல்லத்தரசி, திருநெல்வேலி)

இந்தக் கேள்விக்காகவே நான் இன்று உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

ஐரோப்பாவின் பிராக் நகரில் ஜோசப் சுடெக் என்றொரு படக்காரர் இருந்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940 முதல் 1954 வரை தன் ஸ்டூடியோ ஜன்னலைத் திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் படிந்த ஈரம், வழியும் மழைத்துளி, வெளியே வளைந்து நின்ற ஒரு மரம். அவ்வளவுதான். ஆனால் ஒன்று மாதிரி இன்னொன்று கிடையாது. ஜன்னல் மாறவில்லை, வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தது.

உங்கள் வீட்டிலும் அது நடக்கிறது, அதுவும் நம் ஊருக்கே உரிய விதத்தில். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. தெற்கு ஜன்னல் வழியாக வெயில் வீட்டுக்குள் நீளமாக விழும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப்பொழுதில் தலைக்கு நேர் மேலே நிற்கும், நம் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் மதியச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. மார்கழியில் வெயிலே படாத வடக்குச் சுவரில் அப்போது வெளிச்சம் ஏறும். டெல்லிக்காரர்களுக்கு இது கிடைக்காது, அங்கே உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கில்தான். உங்கள் அடுப்படி ஜன்னல் எந்தத் திசை என்று முதலில் பாருங்கள். இட்லிப் பானையிலிருந்து எழும் ஆவி மேல் எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு வெயில் படுகிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயமாகிவிடும்.

நான் சொல்லும் வழி இது. வீட்டில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாசற்படி, துவைக்கும் கல், மாடிப்படி வளைவு, எதுவானாலும் சரி. அதை ஒரு வருடம் விடாதீர்கள். தினமும் எடுக்க வேண்டியதில்லை, தினமும் ஒரு தடவை பார்த்தால் போதும். எடுக்கத் தோன்றும் நாளில் எடுங்கள். ஆரம்பத்தில் சலிப்பு வரும். அதைத் தாண்டிவிட்டால், கோலத்தின் மேல் விழுந்த வேப்பம்பூவும், செருப்பு கிடக்கும் விதத்தை வைத்தே யார் வந்திருக்கிறார்கள் என்பதும் கண்ணில் படத் தொடங்கும். அந்த மகிழ்ச்சிக்காகத்தான் நான் இதில் இருக்கிறேன்.

உச்சி வெயிலில் படம் எடுக்கவே கூடாதாமே? (தென்காசி)

மனிதர்களை வெயிலில் நிறுத்தாதீர்கள். கண்குழி கறுத்துவிடும். திண்ணை, மரநிழல், கடைப் பந்தல் என்று நிழலுக்குள் கொண்டுவாருங்கள். வெளியே வெயில் அடிக்கும் தரையிலிருந்து திரும்பும் ஒளி முகத்துக்கு அழகாக வரும். மாலைக்காகக் காத்திருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும். நம் ஊர்களில் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்த பிறகு இருபது நிமிடம்போலத்தான் நல்ல வெளிச்சம் நிற்கும். காபி குடித்துவிட்டுப் போகலாம் என்றால் போச்சு.

அம்மாவைப் படம் எடுத்தால் ஒன்று முகம் கறுத்து ஆளே தெரியவில்லை, இல்லையென்றால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போகிறது. எதை மாற்ற வேண்டும்? (சென்னை)

இரண்டும் வேறு வேறு கோளாறு. பின்னால் ஜன்னலோ வானமோ இருந்தால், போன் அந்த வெளிச்சத்துக்குத் தக்கபடி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். அம்மாவை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்காமல், ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி உட்கார வையுங்கள். திரையில் அவர் முகத்தைத் தொட்டால் பக்கத்தில் சூரியன் போன்ற குறி வரும், அதை மேலே கீழே நகர்த்தி வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். வெள்ளைச் சுவர் பின்னணி வேண்டாம். காவி, பச்சை, பழைய மரக்கதவு, எதுவும் நம் நிறத்துக்கு நன்றாக இருக்கும்.

வெளுத்துப்போவதற்குப் பெரும்பாலும், முகத்தைத் தானாகவே வெளுப்பாக்கி வழுவழுப்பாக்கும் 'பியூட்டி' வசதிதான் காரணம். சில போன்களில் வாங்கும்போதே அது இயங்கிக்கொண்டிருக்கும். தேடிப்பிடித்து அணைத்துவிடுங்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 1950களில் அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தவர் ஷெர்லி என்ற வெள்ளைக்காரப் பெண். அந்த முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. பிறகு வந்த அட்டைகளிலும் வேறு வேறு பெண்கள், ஆனால் பெயர் மட்டும் 'ஷெர்லி அட்டை' என்றே நின்றது. பல நிறத்தவரும் இருக்கும் அட்டை வர 1990கள் ஆயின. ஆக, கறுத்த முகம் படத்தில் சரியாக வராததற்குக் கருவியின் அளவுகோலும் ஒரு காரணம், உங்கள் அம்மாவின் நிறம் அல்ல. அவர் முகத்தை அது இருக்கிறபடி, அந்த மினுமினுப்போடு எடுத்துக் காட்டுங்கள். தன் படத்தைப் பார்த்து "நான் கறுப்பா இருக்கேன்" என்று தள்ளிவைத்த எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். சரியான வெளிச்சத்தில் எடுத்துக் காட்டியதும் அதே பெண்கள் "இன்னொரு பிரதி கொடு" என்று கேட்டிருக்கிறார்கள்.

பெரிய கோவிலுக்குப் போனால் எல்லோரும் எடுக்கும் அதே படத்தைத்தான் நானும் எடுக்கிறேன். (கும்பகோணம்)

1858லேயே லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர், சென்னை மாகாண அரசின் படக்காரராக வந்து அந்தக் கோவிலை எடுத்துவிட்டார். அடிப்பீடத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளச் சுருளாகவே ஆக்கினார். கோபுரத்துக்கு இனி நாம் புதிதாகச் செய்ய அதிகமில்லை. ஆனால் புல்தரையில் உங்கள் அத்தை கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் படத்தை நீங்கள் எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுக்கப்போவதில்லை. (சந்நிதிப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள்.)

அம்மா, என் மனைவி போன வருடம் தவறிவிட்டாள். மாலை போட ஒரு படம் தேடினோம். கடைசியில் ஒரு கல்யாணக் கூட்டப் படத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்துப் பெரிதாக்கினார்கள். கண்ணே தெளிவாக இல்லை. என் அக்கா, தம்பிகளையாவது நல்லபடியாக எடுத்துவைக்க ஆசை. கூப்பிட்டால் யாரும் உட்காருவதில்லை. (ஓய்வுபெற்றவர், கோயம்புத்தூர்)

ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் இது நிறைய நடக்கிறது. ஆதார் அட்டையில் இருக்கும் மிரண்ட முகமே சிலருக்குக் கடைசிப் படமாகிவிடுகிறது.

"போட்டோ எடுக்கலாம் வா" என்று கூப்பிட்டால் பெரியவர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் கையைத் தொடையில் வைத்து விறைத்துக்கொள்வார்கள். அக்கா வீட்டுக்குக் காலையில் போங்கள். அவர் கீரை ஆயும்போது பக்கத்தில் உட்காருங்கள், நிற்காதீர்கள். கண்ணுக்கு நேரே கேமரா இருந்தால்தான் முகம் முகமாக இருக்கும். சின்ன வயதில் நீங்கள் செய்த ஒரு குறும்பைக் கேளுங்கள். அவர் சொல்லிவிட்டுச் சிரிக்கும்போது எடுங்கள். பொக்கை வாய் தெரிந்தால் தெரியட்டும். கைகளையும் தனியாக எடுங்கள். முகம் மறந்துபோகாது, கைதான் மறந்துபோகும். கையோடு ஒரு நிமிடம் குரலையும் பதிந்துவையுங்கள்.

படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள், மூன்று பேராக நிற்கக் கூடாது என்பார்கள். வாதாட வேண்டாம். மூன்று பேர் இருந்தால் ஒரு பேரக்குழந்தையை மடியில் உட்கார வையுங்கள், கணக்கு சரியாகிவிடும். ஆயுசுக்குப் பயப்படுபவரிடம் பேத்தி கேட்டாள் என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் மனைவியின் படத்தைப் பற்றியும் ஒன்று. அந்தக் கல்யாண வீட்டுக்காரர்களிடம் மூலப் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். படம் எடுத்த ஸ்டூடியோவையும் விசாரியுங்கள். நெகட்டிவோ பெரிய பைலோ கிடைத்தால், இப்போது இருப்பதைவிடத் தெளிவாக வர வாய்ப்பு உண்டு.

அக்கா, 1995 இடப்பெயர்வில் எங்கட வீட்டு ஆல்பங்கள் எல்லாம் போயிட்டுது. மகள் அப்பம்மாவின் முகம் எப்படி என்று கேட்கிறாள். காட்ட ஒன்றும் இல்லை. (யாழ்ப்பாணம்)

தங்கச்சி, முதலில் வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களிடம் கேளுங்கள். கனடா, லண்டன், பாரிஸ், எங்கே யார் இருந்தாலும். அந்தக் காலத்தில் கல்யாணம், சாமத்தியச் சடங்கு என்றால் கடிதத்தோடு ஒரு படமும் போகும். அவர்கள் பெட்டியில் உங்கள் மாமியார் இருக்கக்கூடும். பள்ளிக்கூட, கோயில் மலர்களில் வந்த குழுப் படங்களையும் பாருங்கள்.

கிடைக்காமலும் போகலாம். அப்போது அவர் தொட்டவற்றை எடுங்கள்: கிணற்றடி, முற்றத்துப் பனை, யாரிடமாவது தப்பியிருக்கும் ஒரு மூக்குப்பேணி (மூக்கு வைத்த குவளை). அவரைத் தெரிந்தவர்களை உட்கார வைத்து, அவர் எப்படி இருந்தார் என்று கேட்டு, சொல்லும்போது அவர்களின் முகத்தை எடுங்கள். "அப்பம்மாவின் கண் இவ மாதிரி" என்று யாராவது உங்கள் மகளைக் காட்டுவார்கள். அந்தக் கண்ணையும் எடுத்துவையுங்கள்.

எவ்வளவு நன்றாக எடுத்துப் போட்டாலும் பத்து லைக்கைத் தாண்டவில்லை. விட்டுவிடலாமா என்று இருக்கிறது. (சேலம்)

லைக்கை விடுங்கள், படத்தை விடாதீர்கள். சிகாகோவில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர் ஒரு லட்சத்துக்கும் மேல் எடுத்தார், ஏறக்குறைய யாருக்கும் காட்டவில்லை. 2007ல் அவர் பொருட்கள் ஏலத்துக்குப் போய்த்தான் அவை வெளியே வந்தன. 2009ல் அவர் இறந்தபோதுகூட உலகத்துக்கு அவர் பெயர் தெரியாது. பார்ப்பதற்கு ஆளில்லாமலும் ஒருவரால் ஆசையோடு எடுக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனாலும் அவரை மாதிரி பூட்டிவைக்கச் சொல்லமாட்டேன். முகம் தெரியாத ஆயிரம் பேருக்குக் காட்டுவதைவிட, படத்தில் இருக்கும் அந்த ஒருவரிடம் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். அதை வாங்கும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சந்தையில், தெருவில் மனிதர்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுப்பதா, கேட்காமலா? கேட்டால் இயல்பு போய்விடுகிறதே. (திருச்சி)

கேளுங்கள். கேட்டதும் நேராக நிமிர்ந்து பார்ப்பார்கள். அதை முதலில் எடுங்கள், அவர்களுக்குப் பிடித்தது அதுதான். பிறகு பேசிக்கொண்டே இருங்கள், கத்தரிக்காயை நிறுக்கப் போய்விடுவார்கள், இயல்பும் திரும்பிவிடும். குழந்தைகள் என்றால் பெற்றவர் சம்மதம் கட்டாயம். குளிப்பவர், போதையில் கிடப்பவர், மனநிலை சரியில்லாதவர், கைநீட்டுபவர், இவர்களை எடுக்காதீர்கள். வறுமை நல்ல படமாக அமையும் என்பது எனக்குப் பிடிக்காத பேச்சு. அடுத்த முறை போகும்போது பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்றாவது முறை அவர்களே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

போனில் படம் குவிந்து கிடக்கிறது. எதையும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. (பெங்களூரு)

மாதத்தில் ஒரு ஞாயிறு அதற்கு ஒதுக்குங்கள். ஒரே காட்சி எட்டு இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அழியுங்கள். தேறியதில் பத்துப் பதினைந்தை நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போடுங்கள். மீதிக்கு இரண்டு பிரதி, ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை மட்டும் நம்பாதீர்கள், சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

பழைய ஆல்பம் இருந்தால் அதையும் கவனியுங்கள். பசை தடவிய அட்டையில் வைத்து மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பங்கள் நாளடைவில் படத்தைக் கெடுக்கும். இழுத்துப் பிரிக்காதீர்கள், மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு மெதுவாக அறுத்துவாருங்கள். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே வேண்டாம். கண்ணாடியோடு வைத்து, ஜன்னலோரம், பிளாஷ் இல்லாமல், பளபளப்பு விழாத கோணத்தில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் "இதனால் என்ன பிரயோசனம்" என்கிறார். என்ன பதில் சொல்வது? (விழுப்புரம்)

பதில் சொல்ல வேண்டாம். அவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பிள்ளையோடு தரையில் உட்காரும் நேரம் இருக்கும் அல்லவா, அதைச் சத்தமில்லாமல் ஒன்று எடுங்கள். பிரிண்ட் போட்டு அவர் மேஜையில் வையுங்கள். பின்பக்கம் தேதி, ஊர், யார் யார் என்று எழுதிவிடுங்கள். இப்போது வரும் தாள் வழுவழுப்பானது, பென்சில் பிடிக்காது, பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய முனை மார்க்கரால் ஓரத்தில் எழுதி, காய்ந்த பிறகு அடுக்குங்கள்.