துளை தேய்ந்தால் பலகையை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் தந்தை வைத்திருந்த பழைய ஸ்டீல் கம்பி கிட்டாரை இப்போது என் மகள் வாசிக்கிறாள். ஐந்தாவது, ஆறாவது கம்பிகள் முன்புபோல் உட்காருவதில்லை. கம்பியின் அடியிலுள்ள தடித்த முறுக்கு, கம்பிகளைத் தாங்கும் சேடில் என்ற பட்டை வரை ஏறி வந்துவிடுகிறது. ஒலியும் மந்தமாக இருக்கிறது. பழுதுபார்க்கும் கடையில், பிரிட்ஜ் பிளேட் தேய்ந்துவிட்டது, முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும் என்கிறார்கள். வேறு வழி இல்லையா?
– வாசகி, ஈசூன்

பதில்: இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள், பிரிட்ஜ் பிளேட் என்னும் உட்பலகையில் கம்பிகள் நுழையும் துளைகள் தேய்ந்திருப்பதையே காட்டுகின்றன. துளைகள் தேய்ந்ததற்காகப் பலகை முழுவதையும் பெயர்த்தெடுக்க அவசரப்பட்டுச் சம்மதித்துவிடாதீர்கள்.

கிட்டாரின் மேற்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் மென்மரத்தால் ஆனது. அதன் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். அதற்கு மேலே, கம்பிகள் வந்து முடியும் கட்டையான பிரிட்ஜும், உட்புறம் அதற்கு நேர் கீழே மேப்பிள் அல்லது ரோஸ்வுட் போன்ற கடினமான மரத்தில் செய்த மெல்லிய பிரிட்ஜ் பிளேட்டும் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் உள்ள பித்தளைக் குமிழ் இந்தப் பலகையில்தான் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். துளையில் மேலிருந்து செருகும் ‘பின்’ என்ற சிறு முளைதான் கம்பியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குமிழ் துளைக்குள் திரும்ப நழுவாதபடி அதை ஒருபுறம் ஒதுக்கி நிறுத்துவது மட்டுமே பின்னின் வேலை. மெல்லிய கம்பிகளே ஆனாலும் ஆறும் சேர்ந்து இழுக்கும் சுமார் 70 கிலோ விசையை இந்தப் பலகையே தாங்குகிறது. பல ஆண்டுகளில் துளையின் ஓரம் அரைபட்டுப் போனால், குமிழ் மேலேறி ஸ்ப்ரூஸுக்குள் புகுந்து, பிறகு பிரிட்ஜையும் நெருக்கத் தொடங்கும். அதை அப்படியே விட்டால் பின் துளைகளின் வரிசையிலேயே பிரிட்ஜ் பிளந்துவிடக்கூடும் என்பதால், தள்ளிப்போட வேண்டிய வேலை அல்ல இது.

முதலில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றிவிட்டு, கைப்பேசியில் விளக்கை எரியவிட்டு வீடியோவை ஓடவிட்டபடி, கேமரா மேல்நோக்கி இருக்குமாறு ஒலித்துளை வழியாக உள்ளே நீட்டினால் போதும். நல்ல நிலையில் உள்ள பலகையில் ஆறு வட்டத் துளைகளும், அவற்றின் ஓரத்தில் குமிழ் பதிந்த இலேசான தடமும் தெரியும். தேய்ந்த பலகையில் துளைகள் சேடில் இருக்கும் பக்கமாக நீண்டு, ஓரத்தில் நார் நாராகப் பிய்ந்து, உள்ளே ஸ்ப்ரூஸின் வெளிறிய நிறம் எட்டிப்பார்க்கும்.

தேய்மானம் சிறிதாக இருந்தால், மேப்பிள் மரத்தூளைச் சூப்பர் குளூவுடன் சேர்த்துத் துளைகளில் இறுக்கி நிரப்பி, அது கெட்டியானதும் பிரிட்ஜின் துளையையே வழிகாட்டியாக வைத்து மேலிருந்து மறுபடி துளைப்பார்கள். துளைக்கும்போது உட்புறம் ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுக்காவிட்டால் பலகையின் அடிப்பக்கம் சிதறிவிடும். இதைச் செய்யத் தவறுபவரிடம் கிட்டாரைக் கொடுக்க வேண்டாம். தேய்மானம் அதிகமானால் இதைவிடச் சிறந்த முறை ஒன்று உண்டு. சொத்தைப் பல்லைக் குடைந்து அடைப்பது போல, துளையைச் சுற்றிய கெட்ட பகுதியைக் கூம்பு வடிவில் குடைந்தெடுத்து, அதே சரிவில் செதுக்கிய மேப்பிள் அடைப்பை மரப்பசையிட்டுப் பொருத்துவார்கள். கைப்பிடியைப் பின் துளை வழியாக மேலிருந்து இறக்கி, வெட்டும் முனையை ஒலித்துளை வழியாக உள்ளே கொண்டுபோய் அதில் மாட்டிச் சுழற்றும்படி அமைந்த கருவி இதற்கென்றே விற்கப்படுகிறது. பசை காய்ந்ததும் அடைப்பைச் சமன்செய்து துளையிட்டால், குமிழுக்கு மீண்டும் கடினமான மரம் கிடைக்கும்; பழைய பலகையும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பழைய பலகையைக் காப்பதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம் உண்டு. அதை அகற்ற வேண்டுமானால் சூடேற்றிப் பசையை இளக்க வேண்டும். அப்போது மேற்பலகையின் நார்களும் சேர்ந்து பிய்ந்து வருவது எளிது. புதிய பலகை சற்றே பெரிதாகவோ தடிப்பாகவோ அமைந்தால் மேற்பலகை விறைத்து, உங்கள் தந்தை கேட்டுப் பழகிய ஒலியே மாறிவிடும். பலகை நீளவாக்கில் பிளந்திருந்தாலோ, பசை விட்டுத் தொங்கினாலோ, மோசமாக வளைந்திருந்தாலோ மட்டுமே மாற்றுவது நியாயம். கோல்மன் ஸ்ட்ரீட்டில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைகள் பல இருக்கின்றன. இன்னொருவரிடமும் காட்டி, துளைகளை மட்டும் அடைத்துத் தருவீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள்.

கேள்வி: துளைகளை மூடிக்கொள்ளும் பித்தளைத் தகடு இணையத்தில் விற்கிறதே, அதை ஒட்டினால் போதாதா?
– வாசகர், தோ பாயோ

பதில்: அவசரத்துக்கு உதவும், பிறகு கழற்றியும் விடலாம். ஆனால் மேற்பலகை தாராளமாக அதிர வேண்டிய இடத்தில் உலோகத்தின் எடை கூடுகிறது. ஒலியும் ஓரளவு மாறும். மரத்தின் பழுதை மரத்தாலேயே சரிசெய்வதைத்தான் நான் விரும்புகிறேன்.

கேள்வி: சிங்கப்பூரின் ஈரக்காற்றால்தான் பிரிட்ஜ் பிளேட் தேய்கிறதா? என் புதிய கிட்டாரை எப்படிக் காப்பது?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: தேய்மானத்துக்கு முதற்காரணம் ஈரம் அல்ல, கம்பி மாட்டும் முறை. பின்னின் நுனியில் குமிழ் மாட்டிக்கொண்டு நின்றால், கம்பியை முறுக்கும்போது பின் மேலே எகிறும். குமிழ் துளையின் ஓரத்தை உரசிக்கொண்டே நகரும். ஆகவே குமிழை ஒட்டிய பகுதியை இலேசாக வளைத்துத் துளைக்குள் விட்டு, பின்னைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே கம்பியை மேல்நோக்கி இழுங்கள். குமிழ் பலகையில் முட்டி நிற்பது கையில் தெரியும். அதன் பிறகே முறுக்குங்கள்.

ஈரத்தின் கேடு வேறு வகையானது. இங்கே விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். கிட்டாருக்கோ 45 முதல் 55 வரை இருப்பதே நல்லது. ஈரம் ஏறினால் மேற்பலகை உப்பி, பிரிட்ஜுக்குப் பின்புறம் மேடு தட்டும். அந்த வளைவுடன் மல்லுக்கட்டும் பிரிட்ஜ் பிளேட்டின் பசையும் நாளடைவில் பலமிழக்கும். வீவக வீட்டுக் கூடத்தில் சுவரில் மாட்டி வைக்காமல், ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்துப் பெட்டியில் மூடி வையுங்கள், அல்லது கேமராவுக்குப் பயன்படுத்துவது போன்ற உலர் அலமாரியில் 50 விழுக்காட்டில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகி, பிரிட்ஜே பெயர்ந்துவிடும்.